கல்யாண கேசட் இன்னும் பீரோவில் தூங்குதா? கேமராவையும் எக்ஸ்டெர்னல் டிரைவையும் கம்ப்யூட்டரில் சேர்த்து இணைப்பது எப்படி? முழு விவரம்

1990-களின் இறுதியிலும் 2000-களிலும் நடந்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழா, வளைகாப்பு... இதெல்லாம் பல வீடுகளில் இப்போது ஒரு சின்ன கேசட்டுக்குள் இருக்கிறது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய மினி டிவி கேசட். (இங்கே ‘டிவி’ என்றால் தொலைக்காட்சி அல்ல, ‘டிஜிட்டல் வீடியோ’ என்பதன் சுருக்கம்.) பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கும் அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைத்தால் காலத்துக்கும் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். சரியான நினைப்புதான்.

ஆனால் கேமராவை எடுத்து, கேபிளைச் செருகி, பக்கத்தில் ஹார்டு டிஸ்க்கையும் மாட்டினால் அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. கம்ப்யூட்டருக்குக் கேமரா தெரியாது. தெரிந்தாலும் பாதியில் துண்டிக்கும். சில சமயம் எல்லாம் ஒழுங்காக நடந்த மாதிரி இருக்கும், பிறகு ஓட்டிப் பார்த்தால் தாலி கட்டும் நேரத்தில் படம் குதிக்கும். இது ஏன்? எப்படித் தவிர்ப்பது? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

ஏன் இப்போது அவசரம்?

மூன்று பொருட்கள் ஒரே நேரத்தில் இல்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன.

முதலாவது, கேசட். காந்தப்பூச்சு பூசிய மெல்லிய நாடா அது. அகலம் 6.35 மில்லிமீட்டர்தான். வெயிலும் ஈரக்காற்றும் அதற்கு எதிரி. கடலோர ஊர்களில் பூஞ்சை பிடித்த கேசட்டுகள் சகஜம்.

இரண்டாவது, கேமரா. மினி டிவி கேமராக்களின் தயாரிப்பு நின்று பல வருஷம் ஆகிவிட்டது. இருக்கும் கேமராக்களிலும் ரப்பர் பெல்ட், ஹெட் என்று ஒவ்வொன்றாகத் தேய்கிறது. ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள்.

மூன்றாவது, கம்ப்யூட்டரில் உள்ள போர்ட். இந்தக் கேமராக்கள் பேசும் ‘ஃபயர்வயர்’ இணைப்பு புதிய கம்ப்யூட்டர்களில் கிடையாது. 2025 செப்டம்பரில் வெளியான ‘மேக்ஓஎஸ் டஹோ 26’ பதிப்பில் ஃபயர்வயர் ஆதரவையே ஆப்பிள் எடுத்துவிட்டது. அந்தத் தொழில்நுட்பத்தை முன்நின்று உருவாக்கிய நிறுவனமே ஆப்பிள்தான் என்பது இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஆக, கேசட் நல்லா இருந்து கேமரா இல்லாவிட்டாலும் பயனில்லை, கேமரா இருந்து போர்ட் இல்லாவிட்டாலும் பயனில்லை. மூன்றும் ஒன்றுசேரும் நாட்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

ஃபயர்வயர் என்றால் என்ன?

கேமராவையும் கம்ப்யூட்டரையும் இணைக்க 1995-இல் தரநிலையாக அறிவிக்கப்பட்ட இணைப்பு இது. இதன் தொழில்நுட்பப் பெயர் ஐஇஇஇ 1394. சோனி கேமராக்களில் ‘ஐ-லிங்க்’ என்றும், வேறு சில நிறுவனங்களின் கேமராக்களில் ‘டிவி இன்/அவுட்’ அல்லது வெறும் ‘டிவி’ என்றும் எழுதியிருப்பார்கள். பெயர்தான் வேறு, பொருள் ஒன்றே.

இதில் மூன்று வகை முனைகள் உண்டு:

• 4 பின்: சின்ன முனை. கேமராக்களில் இருப்பது பெரும்பாலும் இதுதான். கரண்ட் கடத்தாது.
• 6 பின்: பழைய கம்ப்யூட்டர்களிலும் ஃபயர்வயர் கார்டுகளிலும் இருக்கும். கரண்டும் கடத்தும்.
• 9 பின்: ‘ஃபயர்வயர் 800’ என்ற வேகமான வகை. 2012 வரை வந்த சில மேக் கம்ப்யூட்டர்களில் இருக்கும்.

கேமராவில் 4 பின், கம்ப்யூட்டரில் 6 பின் என்றால் ‘4-க்கு 6’ கேபிள் கேட்டு வாங்க வேண்டும். கம்ப்யூட்டரில் 9 பின் என்றால் ‘4-க்கு 9’. ஒரு கேபிள் 4.5 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது தரநிலை.

யூஎஸ்பி கேபிள் போதாதா?

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். ‘கேமராவிலேயே யூஎஸ்பி போர்ட் இருக்கே, அதையே மாட்டிட்டா என்ன?’ என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான மினி டிவி கேமராக்களில் அந்த யூஎஸ்பி போர்ட், மெமரி கார்டில் எடுத்த போட்டோக்களை மாற்றத்தான். சில கேமராக்கள் அதன் வழியே வீடியோவும் அனுப்பும், ஆனால் பெரும்பாலும் வெப்கேம் தரத்தில், மங்கலாக. கேசட்டில் உள்ள அசல் வீடியோ அப்படியே வரவேண்டும் என்றால் ஃபயர்வயர்தான் வழி.

இன்னொரு விஷயம். ஒரு முனையில் யூஎஸ்பி, மறுமுனையில் ஃபயர்வயர் என்று குறைந்த விலைக்குக் கேபிள் விற்கிறார்கள். அதை வாங்காதீங்க. இரண்டும் வெவ்வேறு மொழி பேசும் இணைப்புகள். வெறும் கம்பியால் மொழிபெயர்க்க முடியாது.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிற ஏவி கேபிளை ஒரு யூஎஸ்பி கேப்சர் கருவியில் மாட்டி எடுப்பது இன்னொரு வழி. படம் வரும். ஆனால் டிஜிட்டலாக இருப்பதை அனலாக் ஆக்கி, மறுபடி டிஜிட்டல் ஆக்குவதால் தரம் குறையும். ஃபயர்வயரில் அப்படி இல்லை. கேசட்டில் உள்ள தகவல் அப்படியே நகலாகிறது. பதிவான தேதி, நேரம்கூட வீடியோவுக்குள் மறைந்தே வரும். தாத்தா எந்த நாள், எத்தனை மணிக்குப் பேசினார் என்பதுவரை பிறகு பார்க்கலாம். (அன்று கேமராவில் தேதியைச் சரியாக வைத்திருந்தால்!)

எவ்வளவு இடம் வேண்டும்?

கணக்கு எளிது. நம் ஊரில் புழங்கும் பால் முறையில் மினி டிவி வீடியோ விநாடிக்கு 25 ஃபிரேம். ஒரு விநாடிக்குச் சுமார் 3.6 எம்பி தகவல். அதன்படி:

• 1 நிமிடம்: சுமார் 216 எம்பி
• 60 நிமிட கேசட் ஒன்று: சுமார் 13 ஜிபி
• 1 டிபி டிரைவ்: சுமார் 75 கேசட்டுகள்

இதனால்தான் எக்ஸ்டெர்னல் டிரைவ் தேவைப்படுகிறது. ஒரு கல்யாணத்துக்கே நான்கைந்து கேசட் இருக்கும். லேப்டாப்பில் உள்ள 256 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும்.

வேகம்தான் போதுமே, பிறகு ஏன் சிக்கல்?

நியாயமான கேள்வி. ஃபயர்வயர் 400 விநாடிக்கு 400 மெகாபிட் கடத்தும். கேமரா அனுப்புவது சுமார் 30 மெகாபிட்தான். சாதாரண யூஎஸ்பி ஹார்டு டிஸ்க்குக்கும் விநாடிக்கு 3.6 எம்பி எழுதுவது பெரிய வேலையே இல்லை. அப்படியிருந்தும் ஏன் துண்டிக்கிறது?

காரணம் ஒன்றே ஒன்று: கேசட் காத்திருக்காது.

போனிலிருந்து ஒரு ஃபைலை நகலெடுக்கும்போது டிரைவ் 2 விநாடி தடுமாறினால் நகலெடுப்பும் 2 விநாடி காத்திருக்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு பைட்கூடக் குறையாது. கேசட் அப்படி இல்லை. அது ஓடிக்கொண்டே இருக்கும் நாடா. ‘கொஞ்சம் நில்லு’ என்று கம்ப்யூட்டர் சொன்னால் நாடா கேட்காது. டிரைவ் தயங்கும் நேரத்தில் வந்த படங்கள், தாங்கிக்கொள்ள இடமில்லாவிட்டால் விழுந்துவிடும். இதைத்தான் ‘டிராப்டு ஃபிரேம்’ என்கிறார்கள். கெட்டிமேளம் முழங்கும் அந்த அரை நிமிடத்தில் அது நடந்தால், கேசட்டை மறுபடி ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. 20 வருஷப் பழைய கேசட்டை எத்தனை முறை ஓட்டுவது?

சரி, எக்ஸ்டெர்னல் டிரைவ் எங்கே குறுக்கே வருகிறது?

அந்தக் காலத்தில் எக்ஸ்டெர்னல் டிரைவ்களும் ஃபயர்வயரில்தான் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகலாம். ஒரே தடத்தில் 63 கருவிகள் வரை இணைக்கலாம் என்பது அதன் பெருமை. கேமராவையும் டிரைவையும் அப்படி ஒரே தடத்தில் கோத்தால் மூன்று பிரச்சனைகள் வரும்:

1. வீடியோ ஒரே ரோட்டில் இரண்டு முறை பயணிக்கிறது. முதலில் கேமராவிலிருந்து கம்ப்யூட்டருக்கு, பிறகு கம்ப்யூட்டரிலிருந்து டிரைவுக்கு.

2. கேமராக்களின் ஃபயர்வயர் போர்ட் பொதுவாக 100 மெகாபிட் வேகம் உள்ளது. ஒரே தடத்தில் மெதுவான கருவியும் வேகமான கருவியும் கலந்தால் தடுமாற வாய்ப்பு அதிகம்.

3. தடத்தில் ஒரு கருவியைச் செருகினாலோ பிடுங்கினாலோ, அந்தத் தடம் முழுவதும் ஒரு நொடி தன்னைத்தானே மறுபடி அடுக்கிக்கொள்ளும். பதிவு நடக்கும்போது இது நடந்தால் அவ்வளவுதான்.

வீடியோவுக்கென்று தடத்தில் இடம் ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு ஃபயர்வயரில் உண்டு. அதனால் பலருக்கு இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும். ஆனால் சில கேமராக்கள், பக்கத்தில் டிரைவ் இருந்தால் கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. டிரைவைக் கழற்றியதும் தெரியும். கேமரா பழுது என்று நினைத்துப் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

‘என் கம்ப்யூட்டர்ல ரெண்டு ஃபயர்வயர் போர்ட் இருக்கே, ஒண்ணுல கேமரா, ஒண்ணுல டிரைவ் போட்டுக்கலாமே’ என்று நினைக்க வேண்டாம். ஒரே கார்டில் உள்ள போர்ட்கள் பொதுவாக ஒரே தடம்தான். ஒரே தெருவுக்கு இரண்டு வாசல் மாதிரி. தனித் தடம் வேண்டுமென்றால் தனிக் கார்டு வேண்டும்.

எப்படி இணைப்பது? மூன்று வழிகள்

முதல் வழி (மிகவும் பாதுகாப்பானது): ஃபயர்வயரில் கேமரா மட்டும். வீடியோவைக் கம்ப்யூட்டரின் உள் டிஸ்க்கில் பதிவு செய்யுங்கள். அந்த நேரத்தில் எக்ஸ்டெர்னல் டிரைவ் எதுவும் மாட்ட வேண்டாம். ஒரு கேசட் முடிந்ததும் கேமராவை அணைத்து, டிரைவை மாட்டி, நகலெடுங்கள். 13 ஜிபி காலியிடம் இருந்தால் போதும். கேசட் கேசட்டாக முடிக்கலாம்.

இரண்டாவது வழி: உள் டிஸ்க்கில் இடமே இல்லையென்றால், ஃபயர்வயரில் கேமரா, யூஎஸ்பியில் டிரைவ். இரண்டும் தனித்தனித் தடம் என்பதால் மோதல் குறைவு. டிரைவை ஹப் வழியாக மாட்டாமல் நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். இந்த வழியில் ஒரு 10 நிமிடம் சோதனைப் பதிவு செய்து பார்த்த பிறகே முழு கேசட்டில் இறங்க வேண்டும்.

மூன்றாவது வழி (வேறு வழியே இல்லையென்றால்): டிரைவும் ஃபயர்வயர்தான் என்றால், கம்ப்யூட்டருக்கு அடுத்து டிரைவ், கடைசியில் கேமரா. முதலில் டிரைவை மாட்டி, அது திரையில் தெரிந்த பிறகு கேமராவை மாட்டி ஆன் செய்ய வேண்டும். பதிவு முடியும் வரை எதையும் தொடக் கூடாது.

எந்தக் கம்ப்யூட்டர் வேண்டும்?

புதிய கம்ப்யூட்டர் வாங்க வேண்டியதில்லை. உண்மையில் பழையதுதான் நல்லது.

• பழைய லேப்டாப்: 2000-களில் வந்த பல லேப்டாப்களில் 4 பின் போர்ட் இருந்தது. அட்டத்தில் கிடந்தால் தூசி தட்டிப் பாருங்கள்.
• டெஸ்க்டாப்: பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு ஒன்று போட்டால் போதும். விண்டோஸ் 10, 11-இல் கேமரா தெரியாவிட்டால், ‘1394 லெகசி’ என்ற பழைய டிரைவர் மென்பொருளுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.
• மேக்: 2012-இல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோ (ரெட்டினா அல்லாதது), அதே ஆண்டின் மேக் மினி ஆகியவற்றில் ஃபயர்வயர் 800 போர்ட் உண்டு. அதற்குப் பிந்தைய மேக் என்றால் தண்டர்போல்ட் அடாப்டர்களைக் கோத்து இணைக்கலாம். ஆனால் டஹோ பதிப்புக்கு மாற்றியிருந்தால் அதுவும் வேலை செய்யாது. கேசட் வேலை பாக்கி இருப்பவர்கள் அப்டேட்டைத் தள்ளிப் போடுவது நல்லது.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. விண்டோஸில் ‘வின்-டிவி’, பழைய மேக்கில் ‘ஐமூவி’, லினக்ஸில் ‘டிவிகிராப்’ ஆகியவை இந்த வேலையைச் செய்யும். எந்த ஃபிரேமில் பழுது இருக்கிறது என்று துல்லியமாகப் பார்க்க ‘டிவி-ரெஸ்க்யூ’ என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது.

டிரைவை வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது

டிரைவ் எந்த முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். பழைய டிரைவ்களும் பென் டிரைவ்களும் ‘ஃபேட்32’ முறையில் இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கேசட் கணக்கில் அது 20 நிமிடம்கூட இல்லை. 19-வது நிமிடத்தில் பதிவு நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விண்டோஸ் மட்டும் என்றால் ‘என்டிஎஃப்எஸ்’. விண்டோஸ், மேக் இரண்டிலும் புழங்க வேண்டும் என்றால் ‘எக்ஸ்ஃபேட்’. ஃபார்மட் செய்தால் டிரைவில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும் என்பதை மறந்துடாதீங்க.

படிப்படியாக...

1. கேசட்டின் பின்விளிம்பில் உள்ள சின்ன பூட்டை ‘சேவ்’ பக்கம் தள்ளுங்கள். தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. இதுதான் முதல் வேலை.

2. கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் கேமராவில் போடவே கூடாது. ஹெட்டும் போகும், அடுத்து போடும் கேசட்டுகளும் கெடும். அதை மட்டும் விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

3. முக்கியமில்லாத ஒரு கேசட்டை முதலில் ஓட்டிப் பாருங்கள். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஹெட் கிளீனிங் கேசட்டை ஒருமுறை, அதில் எழுதியுள்ள விநாடி அளவுக்கு மட்டும் ஓட்டுங்கள்.

4. நல்ல கேசட்டைப் போட்டு, ஒருமுறை கடைசி வரை ஓட்டி, முழுவதும் ரீவைண்ட் செய்யுங்கள். வருஷக்கணக்கில் ஒட்டியிருந்த நாடா தளரும்.

5. கேமராவுக்கு பேட்டரி வேண்டாம், அடாப்டரில் போடுங்கள். லேப்டாப்புக்கும் சார்ஜர் மாட்டியிருக்கட்டும்.

6. கேமரா அணைந்திருக்கும்போது கேபிளைச் செருகுங்கள். 6 பின் முனையைத் தலைகீழாக அழுத்திச் செருகினால் அதிலுள்ள கரண்ட் கேமராவின் போர்ட்டை எரித்துவிடலாம். பிடிவாதமாக அழுத்தாதீங்க.

7. கேமராவை ‘விசிஆர்’ அல்லது ‘பிளே’ நிலையில் ஆன் செய்யுங்கள். ‘கேமரா’ நிலையில் இருந்தால் லென்ஸ் முன்னால் இருப்பதுதான் வரும், கேசட்டில் உள்ளது வராது.

8. கம்ப்யூட்டரில் ஸ்லீப் மோடு, ஆட்டோமேட்டிக் அப்டேட், ஆன்டிவைரஸ் ஸ்கேன், கிளவுட் பேக்கப் எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். எக்ஸ்டெர்னல் டிரைவ் தூங்கிப் போகும் அமைப்பையும் நிறுத்துங்கள்.

9. பதிவைத் தொடங்குங்கள். 60 நிமிட கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. அந்த நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் யூடியூப் பார்க்க வேண்டாம்.

10. முடிந்ததும் ஃபைலின் நீளத்தைப் பாருங்கள். தொடக்கம், நடு, முடிவு என்று ஓட்டிப் பாருங்கள். மென்பொருள் ‘டிராப்டு ஃபிரேம் 0’ என்று காட்டினால் வேலை முடிந்தது. ஃபைலுக்குத் தேதி, நிகழ்ச்சி, யார் வீட்டுக் கல்யாணம் என்று பெயர் வையுங்கள். கேசட் மேலும் அதே பெயரை எழுதுங்கள்.

சிக்கல் வந்தால் என்ன செய்வது?

கேமரா தெரியவே இல்லை: எல்லா எக்ஸ்டெர்னல் டிரைவ்களையும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அடுத்து கேபிளை மாற்றிப் பாருங்கள். அடுத்து வேறு கம்ப்யூட்டர். கேமராவைக் குறை சொல்வது கடைசியில்தான்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் குதிக்கிறது: கேசட் நல்லா இருக்கு. கம்ப்யூட்டரோ டிரைவோதான் தடுமாறுகிறது. முதல் வழிக்கு மாறுங்கள்.

எப்போதும் ஒரே இடத்தில் குதிக்கிறது: அந்த இடத்தில் நாடாவே பழுதாகியிருக்கலாம். ஹெட்டைச் சுத்தம் செய்து இன்னொரு முறை, முடிந்தால் வேறு கேமராவில் ஓட்டிப் பாருங்கள்.

கேசட் முழுவதும் கட்டம் கட்டமாக வருகிறது: 60 நிமிட கேசட்டில் 90 நிமிடம் பிடிக்க ‘எல்பி’ முறையில் எடுத்திருக்கலாம். அப்படிப்பட்ட கேசட் பெரும்பாலும் எடுத்த கேமராவில்தான் ஒழுங்காக ஓடும். கல்யாணத்துக்கு எடுத்தவரிடம் பழைய கேமரா இன்னும் இருக்கிறதா என்று விசாரிக்கலாம்.

கடையில் கொடுத்து மாற்றுவதாக இருந்தால்...

எல்லோராலும் இதை வீட்டில் செய்ய முடியாது. ஸ்டூடியோவில் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்:

• ஃபயர்வயரில் எடுப்பீங்களா, ஏவி கேபிளில் எடுப்பீங்களா?
• எம்பி4 மட்டும் தருவீங்களா, அசல் டிவி ஃபைலையும் தருவீங்களா? (ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி வந்தால்தான் அது அசல். வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி4-ஐப் பிறகு நாமே மாற்றிக்கொள்ளலாம்.)
• கேசட்டைத் திருப்பித் தருவீங்களா?

மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் தாராளமாகக் கொடுக்கலாம்.

டிரைவில் போட்டாச்சு, அப்புறம்?

ஒரே ஒரு எக்ஸ்டெர்னல் டிரைவில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. கேசட் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும், ஹார்டு டிஸ்க் கீழே விழுந்தால் ஒரே நொடியில் போய்விடும். குறைந்தது இரண்டு டிரைவ்களில் வையுங்கள். ஒன்று உங்க வீட்டில், இன்னொன்று அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ இருக்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போதாவது, டிரைவை மாட்டித் திறக்கிறதா என்று பாருங்கள். கேசட்டையும் தூக்கிப் போட வேண்டாம். காய்ந்த, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். அதுதான் அசல்.

கேமரா ஒரு தடத்தில், டிரைவ் வேறு தடத்தில். முடிந்தால் முதலில் கேமரா, பிறகு டிரைவ். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் பாதிச் சிக்கல் வராது. மீதி வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். இப்போது இல்லாத பாட்டி அந்தக் கேசட்டில் ஆசீர்வாதம் செய்து ஏதோ சொல்லியிருப்பார். அந்தக் குரல் வேறு எங்கேயும் இல்லை. கேசட் ஓடும் நிலையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.